நட்டை முறுக்கினால் லைனிங் வளராது: பழைய பைக்கில் வழியில் நாம் செய்யும் தவறுகள்

கீரிப்பாறையிலிருந்து தடிக்காரன்கோணம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். ஆடிச் சாரல். வண்டி 1986 மாடல் புல்லட். வளைவுக்கு முன் பின் பிரேக்கை மிதித்தால் மிதி கல்லு மாதிரி இருக்கிறது, வண்டியோ நிற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. எதிரே ரப்பர் ஷீட் ஏற்றிய மினி லாரி. முன் பிரேக்கைப் பிடித்து, கியரைக் குறைத்து, ஓரத்து மண்ணில் இறக்கித்தான் நிறுத்த முடிந்தது. இத்தனைக்கும் முந்தின வாரம்தான் மிதியிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ராடின் நட்டை நாலு சுற்று முறுக்கியிருந்தேன். அதற்கு முந்தின மாதம் மூன்று சுற்று.

தக்கலையில் எனக்குத் தெரிந்த வயசாளி மெக்கானிக் ஒருவர் சக்கரத்தைக் கழற்றுமுன் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். "எத்தன தடவ முறுக்குன மக்களே?" என்றார். சொன்னேன். "நட்ட முறுக்குனா லைனிங் வளருமால?"

அவர் பார்த்தது சக்கரத்தின் நடுவிலுள்ள பிரேக் டிரம்முக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கையை. ராடு அதைத்தான் இழுக்கிறது. கை உள்ளே ஒரு கேமைத் திருப்பும். கேம், லைனிங் என்ற உராய்வுப் பட்டை பதித்த இரண்டு ஷூக்களையும் அகட்டி டிரம்மில் அழுத்தும். பிரேக்கை அழுத்திப் பிடித்த நிலையில் ராடும் கையும் ஏறக்குறைய 90 டிகிரியில் நின்றால்தான் காலின் பலம் முழுதாகக் கேமுக்குப் போகும். லைனிங் தேயத் தேய நாம் நட்டை முறுக்குகிறோம், ஒவ்வொரு முறையும் கை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்கிறது. 90-ஐத் தாண்டிய பிறகு அதே மிதிக்கு நடக்கும் வேலை குறைந்துகொண்டே போகும். ரொம்ப முற்றினால் கேம் குறுக்கே நின்று ஷூவைத் திரும்ப விடாது, சக்கரம் பூட்டிக்கொள்ளும். மழை நனைத்த இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கையைக் கழற்றி ஒரு பல் பின்னால் தள்ளி மாட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. லைனிங் கனமாக இருந்தால் அது சரியான வேலை. டிரம்மைத் திறக்காமலே செய்தால் ஏமாற்று வேலை. என் ஷூவில் லைனிங் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. ரிவிட் தலை டிரம்மில் கோடு போட ஆரம்பித்திருந்தது.

பஞ்சருக்குப் பிறகுதான் ஆபத்து

பழைய வண்டிகளில் பிரேக் கெடுவது ஓடி ஓடி மட்டுமல்ல, யாராவது சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகும்தான். ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் ஷூக்களைத் தாங்கும் பின் பிரேக் பிளேட்டை ஃபோர்க்கோடு பிடித்து வைக்க ஒரு பட்டை ராடு இருக்கும், நம் ஒர்க் ஷாப்புகளில் டார்க் ராடு என்பார்கள். பஞ்சர் கடையில் அவசரத்தில் அதன் நட்டைக் கையால் திருகிவிட்டு விட்டுவிட்டால், பலமாகப் பிரேக் பிடிக்கும் முதல் தடவை பிளேட்டே சக்கரத்தோடு சுற்றும், பிரேக் ராடைப் பிய்த்துக்கொண்டு. மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் நடந்தால் பரவாயில்லை, மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது நடந்தால்? காசு கொடுக்குமுன் நட்டைத் தொட்டுப் பாருங்கள். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் போட இடம் இருந்தால் பின் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சக்கரத்தை மாட்டியதும் ஆக்சில் நட்டை முழுதாக இறுக்கக் கூடாது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மிதியை ஒருவர் பலமாக அழுத்திப் பிடித்திருக்கும்போதே நட்டை இறுக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு ஷூவும் டிரம்முக்கு நடுவில் உட்காரும். "புது ஷூ போட்டும் பிரேக் இல்லையே" என்ற புலம்பலில் பாதி இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான்.

கேமுக்குக் கிரீஸ் வைப்பது நல்லது. கை நிறைய அள்ளி வைப்பது நல்லதல்ல. டிரம் சூடாகும்போது அது உருகி லைனிங்கில் இறங்கும். கிரீஸ் குடித்த லைனிங்கை பெட்ரோல் ஊற்றிக் கழுவினாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் முழுசாகத் தேறாது, மாற்றத்தான் வேண்டும். டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தது வேறு கதை. நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு, ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. ரோட்டில் தேங்கிய தண்ணீரைக் கடந்ததும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாகப் பிடித்து விட்டுப் பிடித்தால் ஷூ உலர்ந்துவிடும். அதைச் செய்யாமல் நேராக வேகமெடுப்பவர்கள்தான் அடுத்த வளைவில் பிரேக்கைத் தேடுவார்கள்.

மலை இறக்கத்தில் காலைப் பின் பிரேக்கிலேயே ஊன்றி வைத்திருப்பதும் அப்படித்தான். சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கும் பிடிப்பை இழக்கும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். பழைய யெஸ்டிக்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வார்த்தை: உங்கள் வண்டியில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் எஞ்சினுக்குப் போகிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு நீண்ட இறக்கம் இறங்கினால் ஆயிலும் போகாது. இடையிடையே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு கொடுங்கள். இல்லாவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல் என்று கடலோரமே ஓட்டுபவர்களுக்கு முன் பிரேக் கேபிள்தான் எதிரி. உப்புக் காற்று உறைக்குள்ளே துருவை ஏற்றும். லீவரை விட்டாலும் கேபிள் திரும்பாது. லீவர் பக்கத்து முனையில் ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் மற்ற இழைகளும் கிளம்பத் தயாராகிவிட்டன என்று அர்த்தம். நம்மூரில் முன் பிரேக்கைத் தொட்டாலே வண்டி கவிழும் என்று பயப்படுபவர்கள் ஏராளம். பிரேக் பிடித்ததும் எடை முன்னால்தான் போகிறது, முன் சக்கரத்துக்குத்தான் பிடிப்பு அதிகம். மணலோ, உதிர்ந்த ரப்பர் இலையோ கிடக்கும் இடத்தில் மட்டும் அடக்கி வாசித்தால் போதும்.

பழைய புல்லட்டை ஆசைப்பட்டுக் கேட்கும் மச்சானிடமோ அக்கா மகனிடமோ சாவியைக் கொடுக்குமுன் ஒரு நிமிடம். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். கியரும் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. புது வண்டி ஓட்டிப் பழகியவன் பதற்றத்தில் வலது காலை அழுத்துவான். பிரேக் விழாது, அடுத்த கியர்தான் விழும். எங்கள் தெருவில் ஒரு காம்பவுண்டுச் சுவருக்கு இந்தக் கதை தெரியும்.

நின்றுவிட்டால் முதலில் கார்ப்பரேட்டரில் கை வைக்காதீர்கள்

வண்டி நின்ற அடுத்த நிமிடம் ஸ்பேனரை எடுத்துக் கார்ப்பரேட்டரைக் கழற்றுவது நம் ஆட்களின் பிறவிக் குணம். முதலில் பெட்ரோல் டேப்பைப் பாருங்கள். ரிசர்வ் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் டேங்க் மூடி. மழைக்காலத்தில் மூடி வழியாகத் தண்ணீர் இறங்காமலிருக்க பாலித்தீன் பையைச் சுற்றிக் கட்டுவோம் இல்லையா? மூடியில் காற்று போக ஒரு துளை உண்டு, அதுவும் சேர்ந்து அடைந்துவிடும். கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும். பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். மறுபடி நிற்கும். நான் இப்படி பூதப்பாண்டிக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே மூன்று முறை நின்று, பிளக்கை மாற்றி, கண்டன்சரைச் சந்தேகப்பட்டு, கடைசியில் பெட்ரோல் பார்க்க மூடியைத் திறந்தபோது "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்த சத்தத்தில்தான் விளங்கிக்கொண்டேன்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியைப் பழைய பெட்ரோலோடே எடுத்துக்கொண்டு பேச்சிப்பாறைக்குக் கிளம்பினால், வழியில் கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்க்க நேரலாம்.

பெட்ரோல் சரி என்றால் அடுத்தது கரண்ட். பாயின்ட் (ஸ்பார்க்குக்கான கரண்டை மூடித் திறக்கும் சின்ன ஸ்விட்ச்) வைத்த புல்லட்டில் இதற்கு ஒரு ஸ்பேனரும் வேண்டாம். ஹெட்லைட் பக்கத்திலிருக்கும் ஆம்ப் மீட்டரைப் பாருங்கள். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல இறக்கினால், பாயின்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். ஆடவே இல்லை என்றால் பாயின்டில் அழுக்கு, அல்லது எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. சாய்ந்தபடியே நின்றால் பாயின்ட் திறக்கவில்லை. அந்த நிலையில் சாவியைப் போட்டு வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் காயில் சூடாகும், பேட்டரியும் இறங்கும்.

பாயின்டைச் சொரசொர உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். மொறமொறப்பான கல்யாணப் பத்திரிகை அட்டையை நடுவில் செருகி இழுத்தாலே பெரும்பாலும் போதும். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கேஜ் இல்லாவிட்டால் சவர பிளேடு. ஒன்று சுமார் 0.1 மில்லிமீட்டர், நாலைச் சேர்த்து வைத்தால் கணக்கு வந்துவிடும். ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கின் உடம்பு எஞ்சினில் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் கழற்றிய துவாரத்துக்குப் பக்கத்தில் அல்ல. அதன் வழியே பெட்ரோல் புகை வரும்.

நிறுத்துகிற இடம். இதைக் கடைசியில் சொல்கிறேன், நான் கடைசியாகக் கற்றுக்கொண்டது இதுதான். திருநெல்வேலி போகிற வழியில் ஆரல்வாய்மொழி தாண்டி, முப்பந்தல் காற்றாடிகளுக்கு நடுவே கிளட்ச் கேபிள் அறுந்தது. மாற்றுக் கேபிளை முன்னமே பழையதோடு சேர்த்து டேப் சுற்றி வைத்திருந்தேன், ஐந்து நிமிட வேலை என்ற தெம்பு. சைடு ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் பையில் கட்டிங் பிளையரைத் தேடினேன். ஆனி மாதக் காற்று, கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருவது, இடப்பக்கமிருந்து வண்டியை நிமிர்த்தி, நிமிர்ந்த வேகத்திலேயே ரோட்டுப் பக்கம் கிடத்திவிட்டது. முன் பிரேக் லீவர் பாதியில் ஒடிந்தது. கேபிளுக்கு மாற்று இருந்தது, லீவருக்கு இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடி வந்து தூக்கிவிட்டார்கள். "மொதல்ல மரத்து மறவுல கொண்டு விடும் வே," என்றார் ஒருவர்.