ஆர்ட்டிக்யுலேட்: நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டு ஹட்டனில் என்னிடம் ஆங்கிலம் பேசப் பழக வரும் பிள்ளைகள், கொழும்பு வேலை விளம்பரங்களை போனில் காட்டுவார்கள். ஹோட்டல் வரவேற்பு மேசை, வங்கி, கோல் சென்டர் என்று எதுவானாலும் 'ஆர்ட்டிக்யுலட்' (articulate) ஆன ஆள், அதாவது நினைப்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அதில் அடிக்கடி இருக்கும். புதிதாக வருகிற ஒவ்வொரு கூட்டமும் இந்தச் சொல்லில் அதே இடங்களில்தான் சறுக்குகிறது. எழுத்துப்பிழையை அகராதி திருத்திவிடும், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒரே எழுத்து, இரண்டு ஓசை

ஒருவரின் பண்பைச் சொல்லும்போது கடைசி அசை மெலிந்து 'லட்' என்று முடியும். வினையாக வரும்போது 'லேட்' என்று நீளும். இரண்டிலும் அழுத்தம் 'டிக்' மேல்தான்.

'ஐ ஆம் ஆர்ட்டிக்யுலேட்டட்'

சுயவிவரத்தில் இப்படி எழுதாதீர்கள். 'எஜுகேட்டட்' சரி என்றால் இதுவும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். இந்தச் சொல்லின் வேர், சிறு மூட்டைக் குறிக்கும் 'ஆர்ட்டிகுலஸ்' என்ற இலத்தீன் சொல். 'டட்' சேர்ந்த வடிவம் மூட்டு வைத்து இணைத்த பொருளுக்கு வரும். முன்பகுதி தனியாகத் திரும்பும் நீள லொறியை அப்படித்தான் சொல்வார்கள். பதுளை ரயில் பாதையின் ஏற்றத்துக்காக ஒரு காலத்தில் கொண்டுவந்த 'கேரட்' (Garratt) என்ற நீராவி ரயில் எஞ்சினும் அந்த வகைதான். நடுவில் கொதிகலன், இரு முனையிலும் தனித்தனியே திரும்பும் சக்கரத் தொகுதிகள். அதனால்தான் அவ்வளவு நீள எஞ்சின் நம் மலை வளைவுகளில் திரும்ப முடிந்தது. தெளிவாகச் சொல்லப்பட்ட கருத்துக்கும் 'டட்' பொருந்தும். ஆளுக்கு 'ஆர்ட்டிக்யுலட்' மட்டும்தான்.

வேகமாகப் பேசினால் போதும் என்று நம்புவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். வேலையே கைநழுவிப் போவதும் இதனால்தான்.

பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, என்னிடம் வருவதற்கு முன் வேறொரு வகுப்பில் படித்தவள். தன்னைப் பற்றி ஒரு பக்கம் மனப்பாடம் செய்து, மூச்சு விடாமல் ஒப்பிக்கப் பழக்கியிருந்தார்கள். அதைத்தான் 'ஆர்ட்டிக்யுலட்' என்று சொல்லியும் கொடுத்திருந்தார்கள். ஹோட்டல் நேர்முகத் தேர்வில், அறை குளிர்கிறது என்று விருந்தினர் முறைப்பட்டால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். தெரிந்த வசனங்களையெல்லாம் கடகடவென்று கொட்டிவிட்டாள். விளங்கவில்லை, திரும்பச் சொல் என்றதும், இன்னும் வேகமாக அதையே சொல்லியிருக்கிறாள். வேலை கிடைக்கவில்லை.

அவளிடம், "வீட்டில் நடந்த ஒரு சண்டையைத் தமிழில் சொல்லு" என்றேன். தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து நிறுவையைப் பற்றிச் சொன்னாள். "சேர், அம்மா பறிச்சத நிறுத்தாங்க. சாக்குக்குக் கழிச்சாங்க, சரி. மழைத் தண்ணிக்குக் கழிச்சாங்க, அதுவும் சரி. அதுக்கு மேலயும் கழிச்சது எதுக்குன்னு அம்மா கேட்டாங்க. பதில் இல்ல." ஒவ்வொரு படியாக வைத்து, எது நியாயம், எது கேள்வி என்று பிரித்துவிட்டாள். 'ஆர்ட்டிக்யுலட்' என்றால் இதுதான். அதே சம்பவத்தைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்ல வைத்தேன். இலக்கணம் இரண்டு இடத்தில் தடுக்கியது, ஆனால் ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை.

அந்தப் பிள்ளைக்கு இருந்த திறமையை மூடிவைத்துவிட்டு, வேகத்தைப் பணம் வாங்கிக்கொண்டு விற்றிருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டில் அந்தக் கட்டணம் எப்படிச் சேர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தடையில்லாமல் பேசுவது 'ஃப்ளுவன்ட்'. கேட்பவர் மனதை அசைக்கப் பேசுவது 'எலொக்வன்ட்'. எண்ணத்தைப் பிரித்து, கோத்து, மற்றவருக்குப் புரியவைப்பது 'ஆர்ட்டிக்யுலட்'. விளம்பரத்தில் கேட்பது இந்த மூன்றாவதை.

வெள்ளைக்காரர் மாதிரிப் பேச முயல்வது

வேண்டாம்.

ஆனால் ஒலிகளைத் தெளிவாக உச்சரிப்பதற்கும் இதே வினைச்சொல்தான், அதை விட்டுவிடக் கூடாது. நமக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. மெய்யில் முடியும் சொல்லோடு உகரத்தை ஒட்டி 'பேங்க்கு', 'கார்டு' என்போம். முன்னால் இகரம் போட்டு ஸ்டோரை 'இஸ்டோர்' ஆக்குவோம். வீட்டில் அப்படியே பேசுங்கள். ஆங்கிலம் பேசும்போது மட்டும் கடைசி மெய்யில் வாயை நிறுத்திப் பழகுங்கள்.

'இன்ஆர்ட்டிக்யுலட்' என்றால் முட்டாள் அல்ல

கோபத்திலோ துக்கத்திலோ வாயடைத்துப் போனவரையும் அப்படிச் சொல்வார்கள்.