கூரை பறந்த முன்னாள் படைவீரருக்கு அவசர உதவி: விண்ணப்பிக்க முன் பெயரைப் பாருங்கள்

போன ஆடிக்காற்றில் சித்தப்பாவின் தோட்டத்து லயத்துக் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) ஆறு தகரம் பறந்துவிட்டது. இலங்கை இராணுவத்தில் இருந்தபோது காலில் காயப்பட்டவர். பென்சன் அரிசிக்கும் மருந்துக்குமே சரி. நான் இரண்டு மாதம் அலைந்தேன். நீங்கள் அலையத் தேவையில்லை.

ஒரே நாளில் இரண்டு இடம்

கூரைச் சேதத்துக்கான அனர்த்த நிவாரணம் பிரதேச செயலகம் வழியாக வரும், முதலில் ஜீ.எஸ்.ஸிடம் (கிராம உத்தியோகத்தரிடம்) பதியுங்கள். 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ரணவிரு சேவா அதிகாரசபை வேறு. காயமடைந்த படையினருக்கும், இறந்த, காணாமற்போன படையினரின் குடும்பங்களுக்கும் உள்ள இடம் அது. ஒன்றின் பதில் வரட்டும் என்று மற்றதைத் தள்ளிப்போடாதீர்கள். நான் தள்ளிப்போட்டேன், மழை தள்ளிப்போடவில்லை. மேட்டு மண்ணில் வெடிப்புத் தெரிந்தால் மண் சரியலாம், தாளை எல்லாம் வைத்துவிட்டு வீட்டை விட்டு வெளியேறி அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

படம்

தறப்பாள் விரிக்க முன் எடுங்கள். நான் விரித்த பிறகு எடுத்தேன். வெறும் நீல நிறம்தான் தெரிந்தது.

பெயர்

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அடையாள அட்டையில் 'முத்தையா'. இராணுவ விடுவிப்புச் சான்றிதழில் உள்ள சிங்களப் பெயரைக் கூட்டி வாசித்தால் 'முதய்யா'. அப்பா பெயர் ஒன்றில் முதலெழுத்தாக, மற்றதில் முழுதாக. எங்களுக்கு ஒரே சித்தப்பா; தாளில் இரண்டு பேர். ஒரு மேசையில் கோப்பு அப்படியே திரும்பி வந்தது.

இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடியுங்கள். ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர் எந்த மொழியில், எந்த எழுத்தில் இருக்கிறதோ அப்படியே அதில் வர வேண்டும். தமிழில் மட்டும் எழுதிக் கொடுத்து இன்னொரு தரம் போக வேண்டியதாயிற்று. இராணுவ இலக்கத்தையும் சேருங்கள். அட்டை புதிதென்றால் 12 இலக்க எண்ணோடு, ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமான பழைய எண்ணையும் போடுங்கள். படைப் பதிவில் பழையதுதான் இருக்கும். அப்புறம்தான் ஜீ.எஸ். சான்றிதழ் எடுங்கள். வங்கிப் புத்தகத்திலும் பெயரைப் பாருங்கள்.

அனுப்புவது

கடிதம் தமிழில் போதும், தமிழும் அரச கரும மொழிதான். மின்னஞ்சலை நான் நம்புவதில்லை, பதிவுத் தபால்தான். துண்டைத் தொலைக்காதீர்கள், விசாரிக்கப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவராதீர்கள், பொட்டோ கொப்பியே கொடுங்கள்.

பிற்சேர்க்கை

இதை வாசித்த ஓர் அக்கா கேட்டார்: கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதியவில்லை, கணவர் படையில் இறந்துவிட்டார், என்ன செய்வது? தோட்டங்களில் இது நிறையப் பேருக்கு உண்டு. கோயில் கடிதம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், படைப் பதிவில் மனைவி என்று கணவர் உங்கள் பெயரைக் கொடுத்திருந்தால் அதன் பிரதி, மூன்றையும் சேர்த்துக்கொண்டு முதலில் பிரதேச செயலகத்துப் பதிவாளரிடம் போங்கள். விண்ணப்பம் அதற்குப் பிறகு. பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழையும் அங்கேயே கேளுங்கள்.