பாதி படித்த புத்தகத்தைப் பற்றிக் கூடிப் பேசுவது எப்படி? கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் செய்யும் முறை

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, அவரவர் அப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். படித்து முடித்த பிறகு பேசுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. பாதியில் நிற்கும்போது பேசுவதற்குக் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கு கைவர எங்களுக்கு நாலு மாதம் பிடித்தது. உங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்களுக்கு அந்த நாலு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: ஆளும் இடமும்

ஐந்து பேர் இருந்தால் தொடங்கிவிடலாம். எட்டுக்கு மேல் வேண்டாம், கடைசியில் பேசுகிறவர் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் பேசுவார்.

கேரளப் பக்கம் இருப்பவர்கள் முதலில் உள்ளூர் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், கேளுங்கள். பி. என். பணிக்கர் 1945-இல் 47 கிராம நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய கிரந்தசாலை (நூலக) இயக்கத்தின் பலன் இன்றும் நம் கைக்கு எட்டுகிறது. அவர் மறைந்த ஜூன் 19-ஐத்தான் இங்கே வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஒரு மேசையும் இரண்டு பெஞ்சும் கேட்டால் மறுக்க மாட்டார்கள். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குக் கிளை நூலகம் இருக்கிறது. வீட்டில் வைத்தால் காபி, பலகாரம் என்று வீட்டுக்காரர்களுக்கு வேலை கூடும். பொது இடமே நல்லது.

படி 2: பென்சிலும் துண்டுச் சீட்டும்

படித்ததைக் குறித்துவைக்க போனில் எத்தனையோ செயலிகள் உண்டு. நான் மூன்றைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். போனை எடுத்தால் புத்தகம் மடிந்துவிடுகிறது. பென்சிலும் உள்ளங்கை அளவுத் துண்டுச் சீட்டும் போதும். சீட்டு புத்தகத்துக்குள்ளேயே இருக்கட்டும், அடையாளத்துக்கும் ஆகும்.

சீட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள். எந்த அத்தியாயத்தில் நிற்கிறீர்கள். எந்த இடம் உங்களை நிறுத்தியது. இப்போது மனதில் இருக்கும் கேள்வி என்ன. தேதியும் போட்டுவிடுங்கள், அது பின்னால் உதவும்.

படி 3: நிற்கும் இடத்தைச் சொல்வது

நாங்கள் இடறி விழுந்த இடம் இதுதான்.

மூன்றாவது கூட்டத்தில் எங்களில் மூன்று பேர் ஒரே நாவலைப் படித்துக்கொண்டிருந்தோம். மலையாள எழுத்தாளர் ஓ. வி. விஜயனின் கசாக்கின் இதிகாசம். பாலக்காட்டுக்குப் பக்கத்துத் தஸ்ராக்கை மனதில் வைத்து எழுதியது, 1969-இல் புத்தகமாக வந்தது, எங்கள் பக்கத்துப் பனங்காடும் காற்றும் அதில் இருக்கிறது. ஓய்வு பெற்ற மாஷ் (வாத்தியார்) ஒருவர் மலையாளத்தில் படித்தார். நான் யூமா வாசுகியின் தமிழில். சாகித்திய அகாதமி மொழிபெயர்ப்பு விருது பெற்ற தமிழ் அது. இன்னொரு அக்கா, விஜயனே ஆங்கிலத்தில் ஆக்கியதைப் படித்தார்.

"நீங்க எத்தனாவது பக்கம்?" என்று கேட்டுக்கொண்டோம். மூவரும் தொண்ணூறை ஒட்டிச் சொன்னோம். ஒரே இடத்தில் இருக்கிறோம் என்று நம்பி மாஷ் தாராளமாகப் பேச ஆரம்பித்தார். பேச்சு போகிற போக்கில் அக்கா இன்னும் எட்டாத இடங்களெல்லாம் வந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

மொழி மாறினால் பக்கம் மாறும். ஒரே மொழியிலும் பதிப்பு மாறினால் மாறும். கிண்டிலில் சதவீதம் காட்டுமே என்பார்கள். முன்னுரையும் பின்னிணைப்பும் அந்தச் சதவீதத்துக்குள் சேர்ந்திருக்கும், அதையும் நம்ப வேண்டாம். அத்தியாயம் ஒன்றுதான் எல்லா மொழியிலும் ஓரளவு பொருந்தி நிற்கிறது. ஆகவே வாயைத் திறந்ததும் முதல் வாக்கியம் இப்படி இருக்க வேண்டும்: "கசாக்கின் இதிகாசம், தமிழில், 5-ஆம் அத்தியாயம் முடித்திருக்கிறேன்." அத்தியாயம் பிரிக்காத புத்தகம் என்றால் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்தப் புத்தகத்தைப் படிப்பவர்களில் யார் பின்தங்கி இருக்கிறாரோ அவர் நிற்கும் அத்தியாயமே எல்லாருக்கும் கோடு. அதைத் தாண்டி யாரும் பேசக்கூடாது. முன்பே பத்து முறை படித்தவருக்கும் இதே விதிதான்.

படி 4: கதை சொல்லாமல் கருத்துச் சொல்வது

புதிதாக வருகிறவர்கள் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். "ரவின்னு ஒருத்தன், கூமன்காவுல பஸ் இறங்கறான், ஓராசிரியர் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரா வர்றான்..." என்று பத்து நிமிடம் போகும். கேட்பவருக்குப் புத்தகமும் கிடைக்காது, பேசுகிறவரும் கிடைக்க மாட்டார்.

அதே ஆளை, அதே இடத்தை, இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "முதல் அத்தியாயத்திலேயே நின்றுவிட்டேன். அந்தக் கூமன்காவு நிறுத்தம் நான் சின்ன வயதில் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடம் மாதிரியே இருக்கிறது. ஆனால் ரவி மேல் எனக்கு இன்னும் ஒட்டுதல் வரவில்லை. எதை விட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று தெரிந்தால் வருமோ என்னவோ." ஒரு நிமிடம்கூட ஆகாது. கேட்டவர்களுக்கு உடனே ஏதாவது சொல்லத் தோன்றும்.

அடுத்த கூட்டத்தில் பேசுமுன் பழைய சீட்டை முதலில் படியுங்கள். இரண்டு வாரம் முன்பு "ஒட்டவில்லை" என்று எழுதியவர் இப்போது என்ன சொல்கிறார் என்று கேட்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. முடித்த பிறகு எழுதும் விமர்சனத்தில் இந்தத் தடுமாற்றமெல்லாம் அழிந்துபோயிருக்கும்.

பிடிக்காமல் வைத்துவிட்டேன் என்பதும் கருத்துதான். எந்த அத்தியாயத்தில் வைத்தீர்கள், ஏன் என்று சொன்னால் போதும்.

படி 5: இரண்டு மொழி

எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு இது கட்டாயம் வரும். வீட்டில் தமிழ் பேசி, மலையாளப் பள்ளியில் படித்த பிள்ளைகள் எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர். தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் நான் தமிழில் நீளமாக எழுதிப் போட்டதை அவர்கள் படிக்கவே இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது குழுவில் குரல் பதிவு மட்டும்தான். தொடக்கத்தில் புத்தகமும் அத்தியாயமும் சொல்லிவிட்டால், அங்கே எட்டாதவர்கள் நிறுத்திக்கொள்ளலாம்.

மேசையில் யாரும் எந்த மொழியிலும் பேசலாம். ஒரு வரியைக் காட்டும்போது மட்டும் புத்தகத்தின் மொழியிலேயே சத்தமாகப் படியுங்கள். ஒருமுறை ஒரே பத்தியை மாஷ் மலையாளத்திலும் நான் தமிழிலும் படித்தோம். அன்றைக்குப் பேச்சு சொற்கள் பக்கம் போய்விட்டது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர், தமிழில் ஊரை அடித்துப்போவது. மொழிபெயர்ப்பவர் வரிக்கு வரி எத்தனை முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளே சொன்னார்கள். அதில் ஒருத்தி மறுவாரமே தமிழ்ப் பதிப்பை இரவல் வாங்கிப் போனாள்.

படி 6: நேரம்

ஆளுக்கு நாலு நிமிடம், போனில் மணி வைத்துவிடுங்கள். குறுக்கே யாரும் பேச வேண்டாம். கேள்விகள் எல்லாரும் பேசிய பிறகு.

பின்னால் சேர்த்தது

செங்கோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "படமாக வந்த நாவல் என்றால் எல்லாருக்கும் முடிவு தெரியுமே, அப்போதும் கோடு வேண்டுமா?" எங்களுக்கும் இது வந்தது. தகழியின் செம்மீனைச் சுந்தர ராமசாமியின் தமிழில் கல்லூரிப் பெண் ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள். 1965-இல் வந்த படத்தை மேசையில் அவளைத் தவிர எல்லாரும் பார்த்திருந்தார்கள். அவளுக்காகக் கோட்டைக் காத்தோம். கறுத்தம்மாவுக்கு என்ன ஆகும் என்று அவள் ஒவ்வொரு முறையும் ஒரு ஊகம் சொல்வாள், நாங்கள் வாயை மூடிக்கொண்டு கேட்போம். ஆகவே, ஆம், அப்போதும் வேண்டும்.

கவிதைத் தொகுப்புக்கு என்ன செய்வது என்றும் ஒருவர் கேட்டார். அங்கே கோடு தேவையில்லை. ஒரு கவிதையை இரண்டு முறை படித்துக் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

இன்னொரு செய்தி. அந்த அக்கா போன மாதம் கசாக்கை மறுபடி எடுத்துவிட்டார், இந்த முறை தமிழில். 7-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறார். மாஷ் உட்பட எங்கள் எல்லாருக்கும் இப்போது கோடு ஏழு.