புளூகில்லுக்கும் பாஸுக்கும் ஃப்ளை கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ளை கட்டப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ட்ரவுட் மீனுக்கான வீடியோக்களைப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். குளிர்ந்த, வேகமாக ஓடும் ஆற்று மீனுக்காக உருவான பழக்கங்களை அப்படியே தூக்கிக்கொண்டு டெக்சஸில் வெயில் காயும் ஒரு குளத்தங்கரையில் போய் நின்றால், கட்டியது அத்தனையும் பார்க்க அழகாக இருக்கும், மீன் வந்து முகர்ந்து பார்க்கும், திரும்பிப் போய்விடும். இல்லையென்றால் டொக் டொக் என்று கொத்தும், ஒன்றும் மாட்டாது. இரண்டு கோடைக்காலம் எனக்கு இப்படியே போனது. மீன்மேல் தவறில்லை, நான் கட்டியதில்தான் தவறு என்று புரிந்த பிறகு ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஃப்ளை என்பது தூண்டில் முள்ளின்மேல் நூல், இறகு, முடி, ஃபோம், ரப்பர் இழை இவற்றைக் கட்டிச் செய்யும் பொய்ப்பூச்சி. நான் பேசப்போவது வெதுவெதுப்பான தண்ணீரில் வாழும் மீன்களுக்கான ஃப்ளை பற்றி. புளூகில், ரெட்இயர், ரெட்பிரெஸ்ட் மாதிரி, வாணலியில் முழுசாகப் போட்டுப் பொரிக்கிற அளவுள்ள மீன்களைச் சேர்த்து பான்ஃபிஷ் என்பார்கள். அதே குளத்தில், அதே பூச்சிகளைத் தின்றுகொண்டு, பெரிய வாய் உள்ள லார்ஜ்மவுத் பாஸும் இருக்கும்.

முதல் தவறு வாயைப் பார்க்காமல் கட்டுவது. கையளவு இருக்கும் புளூகில்லின் வாயில் உங்கள் சுண்டுவிரல் நுனி நுழைவதே கஷ்டம். அது பூச்சியைக் கடித்துப் பிடிப்பதில்லை, பக்கத்தில் வந்து நின்று தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. அதனால் முள்ளின் அளவுதான் எல்லாவற்றுக்கும் மேல். 8, 10, 12 இந்த மூன்று எண்களுக்குள் புளூகில் வேலை முடிந்துவிடும். (எண் கூடக்கூட முள் சிறிதாகும். 1-க்குப் பிறகு 1/0, 2/0 என்று மறுபடி பெரிதாகிக்கொண்டே போகும். புதிதாக வருகிறவர்கள் இதில் குழம்பிப்போய்ப் பெரிய முள்ளாக வாங்கிவிடுவது உண்டு.) பாஸுக்கு என்று தனியாகக் கட்டினால் 2, 1/0 என்று போகலாம். ஆனால் 2-ஆம் எண் பாப்பரை (இழுத்தால் டொப் என்று சத்தமிடும் மிதக்கும் ஃப்ளை) போட்டுவிட்டு புளூகில் மாட்டவில்லையே என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை, அது வாய்க்குள்ளேயே போகாது.

முள் சரியாக இருந்தும் மாட்டவில்லையா? அப்படியானால் வாலையும் காலையும் பாருங்கள். வுல்லி பகர் என்ற ஃப்ளையைத் தெரியாத ஃப்ளை மீனவர் இருக்க முடியாது. பென்சில்வேனியாவில் ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் 1967-இல் அதைக் கட்டியபோது மனதில் வைத்திருந்தது ஹெல்கிரமைட் என்ற கறுத்த நீர்ப்பூச்சியை. இன்று பலர் அதைக் குட்டிமீன் என்றே நினைத்து, முள்ளின் நேரான தண்டு அளவுக்கு, ஏன் அதற்கும் மேலே, நீளமாக மராபு இறகு வால் வைக்கிறார்கள். பாஸுக்கு அது ஓடும். புளூகில் அந்த வால் நுனியை மட்டும் பிடித்து இழுத்துவிட்டுப் போய்விடும், முள் அதன் வாய்ப்பக்கம்கூடப் போயிருக்காது. தண்டில் பாதி நீளம் போதும். இன்னொன்று, மராபுவைக் கத்தரியால் வெட்டிக் குட்டையாக்காதீர்கள். வெட்டிய நுனி மொட்டையாகி அசைவு செத்துவிடும். நகத்தால் கிள்ளி எடுத்தால் நுனி மெல்லியதாகவே இருக்கும். ரப்பர் காலுக்கும் இதே கதைதான். மூன்று ஜோடி நீளக் கால் வைத்துக் கட்டினால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், மீன் காலைப் பிடித்து இழுக்கும். இரண்டு ஜோடி வையுங்கள், தண்ணீரில் பார்த்தபிறகு தேவைக்கு நறுக்கிக்கொள்ளலாம்.

ஃபோமில் செய்யும் தவறு வேறு வகை. முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறதே, அதை முள்ளின் வாய் என்று வைத்துக்கொள்வோம். ஃபோமை இரண்டாக மடித்து, வயிற்றுக்கு இன்னொரு துண்டு வைத்துக் கட்டினால் அந்த வாய் அடைபட்டுவிடும். மீன் முழுசாக உறிஞ்சினாலும் குத்துவதற்கு முனை வெளியே இருக்காது. நான் இப்போது 10-ஆம் எண்ணுக்கு 2 மில்லிமீட்டர் ஃபோம் ஒரே ஒரு பட்டைதான் வைக்கிறேன், அதையும் தண்டுக்கு மேலே. ஃபோமை வெறும் தண்டில் கட்டினால் நாலு மீனுக்குப் பிறகு அது பக்கவாட்டில் சுழன்றுவிடும். முதலில் தண்டு முழுக்க நூலை ஏற்றி இறக்கிச் சொரசொரப்பாக்கி, சொட்டு சூப்பர்க்ளூ வைத்து, அதன்மேல் ஃபோமை வைத்துக் கட்டுங்கள். நூலும் முக்கியம். மெல்லிய 70 டெனியர் நூலை இழுத்துக் கட்டினால் கத்தி மாதிரி ஃபோமை அறுத்துவிடும், 140 டெனியர் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு சுற்று லேசாக, அப்புறம் இறுக்கமாக. கட்டி முடித்ததும் ஃபோமை விரலால் திருகிப் பாருங்கள், அசைந்தால் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவதுதான் நல்லது.

முள்ளின் காதை அடைத்துவிடுவது எல்லாரும் செய்வது, இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊசிக்காது மாதிரி தூண்டில் நரம்பு கோக்கும் அந்த வளையத்துக்கு ஒட்டியே நூலைத் தொடங்கினால், கடைசியில் தலை முடிச்சுப் போட இடமே இருக்காது. இரண்டு காது அகலம் காலியாக விட்டுத் தொடங்குங்கள். பசை காதுக்குள் போய்விட்டால் காய்வதற்குள் ஒரு இறகின் தண்டை நுழைத்து இழுத்துவிடுங்கள், கரையில் நின்று ஊசியால் குத்திக்கொண்டிருக்கும் வேலை மிச்சம்.

இனி பூச்சிக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். குளம் என்றாலே தட்டானும் ஊசித்தட்டானும் பறக்கும். அதைப் பார்த்ததும் நீல உடம்பும் கண்ணாடி இறக்கையும் வைத்துக் கட்டத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கிறது. ஆனால் பறக்கிற தட்டான் வாழ்வது சில வாரங்கள்தான். அதற்கு முன்னால் தண்ணீருக்கடியில் நிம்ஃப் என்னும் இளம்பருவத்தில் மாதக்கணக்கில், சில வகைகள் வருடக்கணக்கிலும் வாழ்கின்றன. மீன் தினமும் தின்பது அதைத்தான். இறக்கை வைத்தது ஒன்று கட்டினால் நிம்ஃப் பத்துக் கட்டுங்கள்.

கட்டும்போது தட்டானின் நிம்ஃபையும் ஊசித்தட்டானின் நிம்ஃபையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது. ஊசித்தட்டானின் நிம்ஃப் குச்சி மாதிரி ஒல்லி, வாலில் இலை போன்ற மூன்று செவுள்கள், பாம்பு மாதிரி நெளிந்து நீந்தும். தட்டானின் நிம்ஃப் குட்டையாய், அகலமாய், அடிச்சேற்றிலும் பாசியிலும் ஊர்ந்து திரியும், ஆபத்து வந்தால் பின்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சி ஒரே பாய்ச்சலில் நகரும். அப்படியென்றால் முதலாவது நெளிய வேண்டும், இரண்டாவது குண்டாக இருக்க வேண்டும். நடப்பது தலைகீழ். டப்பிங் என்று சொல்லும் முடித்தூளை நூலில் அள்ளித் திரித்து ஊசித்தட்டானைக் கம்பளிப்புழு ஆக்கிவிடுகிறார்கள். நீங்கள் எடுக்க நினைக்கும் டப்பிங்கில் பாதியை எடுங்கள், அதிலும் பாதியைத் திரும்ப வைத்துவிடுங்கள், மீதி போதும். 12-ஆம் எண் முள்ளில் ஆலிவ் நிற மராபுவை வாலாக வைத்து, அதே மராபுவின் மிச்சத்தைத் தண்டில் சுற்றி உடம்பாக்கி, மேலே மெல்லிய செம்புக் கம்பி ஓட்டினால் வேறு எதுவும் வேண்டாம். தட்டானுக்கு 6 அல்லது 8-ஆம் எண் நீளத் தண்டு முள், இரு பக்கமும் தடித்த நைலான் நரம்புத் துண்டு ஒவ்வொன்று படுக்கவைத்துக் கட்டி, அதன்மேல் டப்பிங் சுற்றினால் உடம்பு தட்டையாய், அகலமாய் வரும்.

அளவும் நிறமும் தெரிய வேண்டுமா? கரையோர நாணல் தண்டுகளைப் பாருங்கள். நிம்ஃப் தண்ணீரிலிருந்து ஏறி வந்து, முதுகு வெடித்துத் தட்டானாகப் பறந்தபின் விட்டுப்போன காய்ந்த தோல் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை எடுத்து முள்ளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் குளத்துக்கான அளவு கையிலேயே இருக்கிறது. நிறம் மட்டும் தோலில் வெளிறிப் போயிருக்கும், அதற்குக் குளத்துப் பாசியின் நிறத்தை வைத்துக்கொள்ளுங்கள், உயிரோடு இருக்கும் நிம்ஃப் அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

மேலே மிதக்கும் பூச்சிகளில் பெரிய தவறு, நாம் பார்க்கிற பக்கத்தை அலங்கரிப்பது. வெட்டுக்கிளி ஃப்ளையின் முதுகில் கண், கோடு, புள்ளி என்று மார்க்கரால் வரைகிறோம். மீன் கீழே இருந்து வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்க்கிறது, அதற்குத் தெரிவது வயிறும் கால்களும் உருவத்தின் ஓரக்கோடும்தான். எறும்பு கட்டினால் இடுப்பு வேண்டும். இரண்டு உருண்டைக்கு நடுவே வெறும் நூல் தெரிகிற அந்த இடம்தான் எறும்பை எறும்பாக்குகிறது, அதை டப்பிங்கால் நிரப்பிவிட்டால் அது வண்டு. 2024-இல் 13 வருடத்துக்கு ஒருமுறை மண்ணிலிருந்து வெளிவரும் சிள்வண்டுக் கூட்டம் ஒன்றும் 17 வருடத்துக்கு ஒருமுறை வரும் கூட்டம் ஒன்றும் அமெரிக்காவில் ஒரே வருடம் வெளியே வந்தன, 1803-க்குப் பிறகு அந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து வந்தது அப்போதுதான். அந்த மாதிரி சமயத்தில் பாஸும் புளூகில்லும் மேல்மட்டத்திலேயே கண் வைத்திருக்கும். அதற்காக மூன்று அடுக்கு ஃபோம் வைத்துக் கட்டிய ஃப்ளை தக்கை மாதிரி உயரமாக மிதக்கும். தண்ணீரில் விழுந்த நிஜச் சிள்வண்டு உடம்பு பாதி மூழ்கித்தான் தத்தளிக்கும். வயிற்றுக்கு ஃபோம் வேண்டாம், டப்பிங் வையுங்கள், நனைந்து கீழே தொங்கட்டும்.

எடை விஷயத்தில்தான் ட்ரவுட் பழக்கம் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. ஓடும் ஆற்றில் நிம்ஃப் சீக்கிரம் அடிக்குப் போக வேண்டும், அதற்கு முள்ளில் கோக்கும் கனமான டங்ஸ்டன் உலோக மணி சரி. நின்ற குளத்தில் புளூகில் பல நேரம் நடுத்தண்ணீரில்தான் நிற்கும், மேலிருந்து மெதுவாக இறங்கி வருவதைத்தான் வந்து எடுக்கும். மணி வைத்த ஃப்ளை அதன் மூக்கைத் தாண்டி இரண்டு நொடியில் பாசிக்குள் போய்ச் சொருகிக்கொள்ளும். எடையே இல்லாமல், அல்லது மெல்லிய கம்பி ஐந்தாறு சுற்று மட்டும் வைத்து, ரப்பர் காலோடு கட்டிய ஒரு எளிய மூழ்கும் சிலந்தி எனக்குப் பிடித்துத் தந்த அளவுக்கு வேறெதுவும் தந்ததில்லை. விழும்போதே கால் துடிக்கும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

பாஸுக்கு மான்முடியில் கட்டுகிறவர்களுக்கு இரண்டு சொல். முடியைத் தண்டைச் சுற்றிச் சுழலவிட்டுக் கட்டுவதானால் தண்டு வெறுமையாக இருக்க வேண்டும், ஃபோமுக்குச் சொன்னதற்கு நேர் எதிர். அடியில் இருக்கும் கம்பளி போன்ற குட்டை முடியைச் சீவி எடுக்காமல் கட்டினால் முடி விரியவே விரியாது. பிளேடால் செதுக்கும்போது வயிற்றுப்பக்கம் தண்டோடு ஒட்டித் தட்டையாக எடுங்கள், இங்கேயும் முள்ளின் வாய் திறந்திருக்க வேண்டும்.

எதிர்முள்ளை (மீன் கழன்றுவிடாமல் முனைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கொக்கியை) நசுக்குவதானால் கட்டுவதற்கு முன்னாலேயே குறடால் நசுக்கிவிடுங்கள். உடைந்தால் முள் மட்டும்தான் போகும், அரைமணி நேர வேலை போகாது. புளூகில் சில நேரம் ஆழமாக விழுங்கிவிடும், அந்தச் சின்ன வாயிலிருந்து மீனைக் காயப்படுத்தாமல் கழற்றி விட எதிர்முள் இல்லாததுதான் உதவும். மயிலிறகு இழை சுற்றினால் அதை நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றுங்கள், தனியாகச் சுற்றினால் ஐந்தாவது மீனிலேயே அறுந்து அவிழும். நல்ல மாலையில் ஒரே ஃப்ளை முப்பது மீனைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கட்டியது எப்படி என்று வைஸில் (கட்டும்போது முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கியில்) வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி, ஃப்ளையை நன்றாக நனைத்துப் போட்டு, கிண்ணத்தைத் தூக்கிக் கீழிருந்து பாருங்கள். ஒருபக்கம் சாய்கிறதா, கால் உடம்போடு ஒட்டிக்கொள்கிறதா, முள்முனை தெரிகிறதா, எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பார்த்து, பக்கத்திலேயே கத்தரியை வைத்துக்கொண்டு காலை நறுக்கியும் வாலை நகத்தால் கிள்ளியும் அங்கேயே சரிசெய்துவிட்டு, அப்புறம் அதே மாதிரி இன்னும் ஐந்து கட்டுங்கள்.