பழைய ஓட்டு வீடு வாங்குகிறீர்களா? அட்வான்ஸுக்கு முன்னால் ஆசாரியைக் கூட்டிப் போங்கள்

மூன்று வருடம் முன்பு மன்னார்குடிப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனோம். வாசலில் திண்ணை, உள்ளே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், கொல்லையில் கிணறும் இரண்டு தென்னையும். என் மனைவிக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது, எனக்கு அதைவிடப் பிடித்துவிட்டது. புதுசாக வெள்ளையடித்து, தூணுக்கெல்லாம் வார்னிஷ் போட்டு, பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி வைத்திருந்தார்கள். கூட வந்த ஆசாரி எங்கள் ஊர்க்காரர், எழுபது வயது, வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவர் உள்ளே நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறி, கூடத்து உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்தபோது ஈர மண்ணும் மரத்தூளுமாகக் கொட்டியது. "வார்னிஷ்தான் தம்பி நிக்குது" என்றார்.

நம் ஊரில் பத்திரம் பார்க்க வக்கீல் உண்டு, வாஸ்து பார்க்க ஆள் உண்டு, கட்டடத்தைப் பார்க்கத்தான் யாரையும் கூப்பிடுவதில்லை. வில்லங்கம், பட்டா, வாரிசு கையெழுத்து எல்லாம் வக்கீல் வேலை, அதை விட்டுவிடுகிறேன். லோன் போட்டால் வங்கியே மதிப்பீட்டாளரை அனுப்புமே, அவர் பார்க்க மாட்டாரா என்றால், மாட்டார். கடன் நின்றுபோனால் இந்தச் சொத்தை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான் அவருடைய கணக்கு, உத்திரத்தின் நுனியைக் குத்திப் பார்ப்பது அதில் வராது. முத்திரைத் தீர்வைக்கு 7, பதிவுக் கட்டணத்துக்கு 2 என்று 9 சதவீதத்தை முனகாமல் கட்டுகிறோம், கட்டடத்தைப் பார்க்கிற இன்ஜினியருக்குக் கொடுக்கும்போது மட்டும் கை இழுக்கிறது.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், எழுத்தில் அறிக்கை தருபவர். இன்னொருவர் பழைய மரவேலை தெரிந்த ஆசாரி, இல்லையென்றால் சுண்ணாம்பில் வேலை செய்த வயதான கொத்தனார். விற்பவரோ புரோக்கரோ "நம்ம இன்ஜினியர் ஒருத்தர் இருக்கார்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள். இன்ஜினியரைப் போனிலேயே சோதித்துவிடலாம்: சுண்ணாம்புச் சுவரில் ஓதம், அதாவது தரை ஈரம், ஏறியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "எல்லாத்தையும் கொத்திட்டு சிமென்ட் பூசிடலாம் சார்" என்று பதில் வந்தால் அவர் உங்களுக்கு ஆகமாட்டார். ஆள் கிடைக்கவில்லையென்றால் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பின் உள்ளூர்க் கிளையில் விசாரியுங்கள், மரபுக் கட்டடங்களில் வேலை செய்த ஆட்களை அவர்களுக்குத் தெரிந்திருக்கும். காரைக்குடிப் பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எப்போது பார்ப்பது? முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே. எல்லோரும் சித்திரையில் காய்ந்த வீட்டைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். பழைய வீட்டுக்கு வருகிற கேட்டில் முக்கால்வாசி தண்ணீரால் வருவது, கரையான்கூட ஈரத்தைத் தேடித்தான் வருகிறது. அதனால் ஆய்வு என்று தனியாக எதுவும் தெரியாவிட்டாலும் தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வாசலிலேயே ஆரம்பியுங்கள், படியை எண்ணுங்கள். அந்தக் காலத்தில் திண்ணைக்கு மூன்று நான்கு படி ஏறித்தான் போவார்கள். சாலைக்கு மேல் சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, இப்போது பல வீடுகளில் ஒரு படிதான் மிச்சம், சில வீடுகளில் தெருவிலிருந்து உள்ளே இறங்க வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் பேஸ்மட்டம் மண்ணுக்குள் போய்விட்டது, தெருத் தண்ணீர் சுவரின் அடியில் நிற்கிறது என்று அர்த்தம். அடுத்து முற்றம். ஒரு குடம் தண்ணீரைக் கேட்டு வாங்கி முற்றத்தில் ஊற்றிவிட்டு, அது தூம்பு வழியாக எவ்வளவு நேரத்தில் போகிறது, வெளியே எங்கே வந்து விழுகிறது என்று போய்ப் பாருங்கள். வெளியே வரவே இல்லையென்றால் அது வீட்டுக்கு அடியிலேயே எங்கேயோ போகிறது. இந்த ஒரு குடம் தண்ணீர் சொல்லிவிடுவதைச் சில இன்ஜினியர்கள் மூன்று பக்கத்தில் எழுதுவார்கள்.

பிறகு சுவர். டெல்டாவில் பழைய சுவர்கள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்பும், அல்லது செங்கல்லும் மண் சாந்துமாக ஒன்றரை அடி கனத்தில் இருக்கும். இவை தரையிலிருந்து கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சி, சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே மேலே ஏறும். அடியில் மூன்றடிக்குச் சிமென்ட், அதற்கு மேலே உப்புப் பூத்துப் பொரிந்த சுண்ணாம்பு என்று ஒரு சுவரைப் பார்த்தால் நடந்தது இதுதான். கூடத்தில் இடுப்பளவுக்கு மட்டும் புது டைல்ஸ் ஒட்டியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பீரோவை நகர்த்தச் சொல்லுங்கள், சாமி காலண்டரைத் தூக்கிப் பாருங்கள், சங்கடப்படாதீர்கள்.

வெடிப்பு எல்லாமே ஆபத்து இல்லை. முடி போல இருப்பது பூச்சில் மட்டும் இருக்கலாம். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் இன்ஜினியர் காரணம் சொல்லியே ஆகவேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்புகள் வழியே ஏறுகிற வெடிப்பு என்றால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். களிமண்ணும் கரிசலும் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், அதன் மேலே ஆழமில்லாத அஸ்திவாரம் போட்ட சுவர் வருடா வருடம் அசையும். வெடிப்புக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: உள்ளே ஒட்டடையும் பழைய சுண்ணாம்பும் இருந்தால் பழைய கதை, ஓரங்கள் கூராகச் சுத்தமாக இருந்தால் இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. அவகாசம் இருந்தால் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு வில்லை ஒட்டித் தேதி எழுதிவிட்டு வாருங்கள், இரண்டு மாதம் கழித்து வில்லை உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. கூரையிலிருந்து தூக்குக்குண்டு விட்டுச் சுவர் வெளிப்பக்கம் சாய்கிறதா, நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மண் சாந்துச் சுவர் வயிறு தள்ளினால் எனக்கு அந்த வீடு வேண்டாம்.

அக்ரஹாரம் போல வரிசை வீடாக இருந்தால் பக்கத்து வீட்டையும் பாருங்கள். அவர் தன் வீட்டை இடித்துவிட்டு மனையைக் காலியாகப் போட்டிருப்பார், அதுவரை உள்சுவராக இருந்த பொதுச் சுவர் பூச்சே இல்லாமல் மழையில் நனைந்துகொண்டிருக்கும். உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதில் ஒரு அரசங்கன்று வேறு முளைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், வெட்டினாலும் வேர் உள்ளேயே இருக்கும், மறுபடி தழைக்கும். அந்தச் சுவர் யாருக்குச் சொந்தம், பூசினால் யார் செலவு என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டுக் கூரையில் ஓடு உடைந்திருப்பது பெரிய விஷயமே இல்லை, மாற்றிவிடலாம். (ஓட்டின் அடியில் 1865 என்று அச்சு இருந்தால் வீட்டுக்கு 160 வயது என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். அது பேசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம்.) பார்க்க வேண்டியது மரத்தை. கைமரமும் உத்திரமும் சுவருக்குள் போகிற நுனி, முற்றத்து மூலைகளில் இரண்டு சரிவும் சேர்ந்து தண்ணீர் இறங்குகிற இடத்துக்கு அடியில் இருக்கிற கட்டை, நிலைக்காலின் அடி, இந்த மூன்றும்தான் முதலில் போகும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் கணீரென்று சொல்லும், உள்ளே செல்லரித்தது பொத் பொத் என்று கேட்கும். சுவரில் மண் கோடு ஏறியிருந்தால் கரையான். மரத்தில் குண்டூசி ஓட்டைகளும் தரையில் மாவு போலத் தூளும் இருந்தால் உளுத்துக்கொண்டிருக்கிறது, பெருக்கிவிட்டு மறுநாள் வந்து பாருங்கள், மறுபடி தூள் இருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. வைரம் பாய்ந்த தேக்கும் பனையும் லேசில் போகாது, ஆனால் எல்லாக் கட்டையும் வைரமாக இருக்காது. இன்னொன்று, பரண் போடவோ ஃபேன் மாட்டவோ யாராவது குறுக்கு விட்டத்தை அறுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு பக்கச் சுவரையும் இழுத்துப் பிடித்திருப்பது அதுதான், அது போனால் கூரைச் சரிவு சுவரை வெளியே தள்ள ஆரம்பிக்கும்.

மாடி இருந்தால் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். நெருக்கமாகத் தேக்குச் சட்டம் போட்டு, மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துவாக்கில் சாய்த்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடித்து, கடைசியில் தட்டோடு பதித்திருப்பார்கள். நன்றாக வைத்திருந்தால் நூறு வருடம் தாண்டும். அதைக் கெடுப்பது நாம்தான். ஒழுகுகிறது என்று ஒவ்வொரு தலைமுறையும் ஓர் அங்குலம் சிமென்ட் பூசுவார்கள், ஓர் அங்குலத்துக்கு ஒரு சதுரத்தில், அதாவது 100 சதுர அடியில், கிட்டத்தட்ட அரை டன் கூடும். அது போதாதென்று மேலே 1000 லிட்டர் தொட்டி, தண்ணீர் மட்டுமே ஒரு டன். கீழே நின்று சட்டங்களின் இரண்டு முனைக்கும் நூல் பிடித்துப் பாருங்கள், நடுவில் எவ்வளவு தொங்குகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பின்கட்டில் எண்பது, தொண்ணூறுகளில் சேர்த்த காங்கிரீட் சமையலறையும் குளியலறையும் இருக்கும். பழசும் புதுசும் ஒட்டுகிற இடத்தில் நேர்க்கோடாக வெடிப்பு இருப்பது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம். கம்பி துருப்பிடித்து, காங்கிரீட் பெயர்ந்து தொங்குவதுதான் கவலை. கருவி வைத்துச் சோதிப்பது இங்கேதான் பயன்படும்: சுத்தி மாதிரி ஒன்றை அழுத்தி மேற்பரப்பின் உறுதியைப் பார்ப்பார்கள், புதிதாக உடைத்த இடத்தில் பினாப்தலீன் என்ற ரசாயனத்தைத் தெளிப்பார்கள். ரோஸ் நிறம் வந்தால் அந்தக் காங்கிரீட் கம்பியை இன்னும் காக்கிறது, நிறம் மாறாமல் இருக்கிற ஆழம் கம்பி வரைக்கும் போயிருந்தால் துரு ஏற வழி திறந்துவிட்டது. சுண்ணாம்புச் சுவரில் அந்தச் சுத்தியை வைத்துவிட்டு எண் எழுதித் தருகிறவரிடம் ஏமாறாதீர்கள்.

விற்பவரிடம் இரண்டு அனுமதி கேளுங்கள். நாலைந்து ஓட்டைப் பிரித்து உத்திர நுனியைப் பார்க்க ஒன்று, சுவரை ஒட்டி இரண்டடிக்கு இரண்டடி குழி தோண்டி அஸ்திவாரத்தின் அடியைப் பார்க்க இன்னொன்று. அன்றே மூடிக் கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லுங்கள். ஒயரிங்கைப் புதுசாகப் போட வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை ஆராய்ந்து பயனில்லை. கழிவுத் தொட்டி எங்கே, கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கை "கட்டடம் நல்ல நிலையில் உள்ளது" என்று ஒரு பக்கத்தில் வந்தால் திருப்பிக் கொடுங்கள். வீட்டின் வரைபடம், அதில் ஒவ்வொரு வெடிப்பும் எங்கே, போட்டோ, காரணம், உடனே செய்ய வேண்டியது எது, ஒரு வருடம் தள்ளலாம் என்பது எது, தோராயமாக என்ன செலவு, எந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை, இவ்வளவும் வேண்டும். கட்டணம் பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம், பார்க்க முடியாத இடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதவர் எல்லாவற்றையும் பார்த்திருக்க மாட்டார்.

மன்னார்குடி வீட்டை விட்டுவிட்டோம். கூடத்தில் மட்டும் ஐந்து உத்திர நுனிகள் போயிருந்தன, விலையில் ஒரு ரூபாய் இறங்க மாட்டேன் என்றார்கள். அடுத்த வருடம் வாங்கிய வீட்டிலும் இரண்டு நுனிகள் உளுத்திருந்தன, ஆனால் சுவர் நேராக இருந்தது, முற்றத்துத் தண்ணீர் ஓடியது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசி, ரிப்பேர் செலவில் பாதியைக் குறைத்துக்கொண்டோம். உளுத்த நுனியை அறுத்துவிட்டுப் புது மரம் கோத்து, சுவருக்குள் அதைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விட்டு வைத்தார் ஆசாரி. சிமென்ட் வைத்து அடைக்க வந்த பையனுக்கு நன்றாகத் திட்டு விழுந்தது.

ஒன்றை மட்டும் கோட்டைவிட்டோம். அக்ரிமென்ட்டில் தூண் எத்தனை, கதவு எத்தனை என்று எண்ணி, போட்டோ இணைத்து எழுதியிருக்க வேண்டும், பழைய தேக்குக்கு வெளியே நல்ல விலை. பத்திரம் பதிந்த அன்று சாவி வாங்கித் திறந்தால் தூண்கள் எல்லாம் இருந்தன, கதவும் இருந்தது, கூடத்தில் நாலு பேர் உட்காருகிற ஊஞ்சல் பலகையைத்தான் காணோம், பித்தளைச் சங்கிலி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.