அண்டார்டிகா கப்பல் ஏறும் முன் ஏற்காட்டு மண்ணைக் கழுவுங்கள்

சேலத்துக்காரர்கள் சிறிய கப்பலில் அண்டார்டிகா போவதென்றால் நடைப்பயிற்சிக்கு ஏற்காடு போதும். சேர்வராயன் கோயில் மேடு, காபித் தோட்டத்துச் சரிவு எல்லாம் கால்களை நன்றாகப் பழக்கிவிடும். ஆனால் அதே ஷூவையும் பையையும் கப்பலுக்கு எடுத்துப்போவதாக இருந்தால் முதலில் கழுவுங்கள். ஷூவின் அடிப்பள்ளத்தில் ஒட்டிய மண், வெல்க்ரோவில் சிக்கிய புல் விதை, பை மூலையில் கிடக்கும் தூசு எதுவும் இருக்கக்கூடாது. வெளி விதை அங்கே முளைத்துவிடக் கூடாதே என்று கரையிறங்கும் முன் கப்பலிலேயே சோதிப்பார்கள். பழைய டூத் பிரஷ்ஷும் ஓர் ஊக்கும் போதும். பல கப்பல்களில் ரப்பர் பூட்ஸ் அவர்களே தருவார்கள். கேட்காமல் புதிதாக வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம், கப்பலின் அளவு. கரையில் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் நிற்க அனுமதி இல்லை. 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் யாரையும் இறக்கவே கூடாது. நடுத்தரக் கப்பலில் முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். காசு கூடினாலும் சிறியதுதான் என் ஓட்டு.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலேயே குமட்டுகிறதா? தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே கப்பல் கடக்கும் டிரேக் கடற்பகுதியில் அலை தூக்கிப் போடும். மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி வந்தபின் போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.