முதல் பத்துச் சிப்பாய்கள்: வாட்டர்லூ காலாட்படைக்கு வண்ணம் தீட்டுவது எப்படி?

வரலாற்றுப் போர் விளையாட்டுக்கு, அதாவது வார்கேமிங்குக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மிரள்வது விதிப் புத்தகத்தைப் பார்த்து அல்ல, வண்ணம் தீட்டும் வேலையைப் பார்த்துத்தான். பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் ஒரு பட்டாளமே இருக்கிறது. ஒவ்வொரு பொம்மையிலும் பொத்தான், பட்டை, பை, துப்பாக்கி என்று ஏகப்பட்ட நுணுக்கம். இதையெல்லாம் எப்போது தீட்டி முடிப்பது என்று மலைப்பது இயல்புதான்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி மலைப்பு போய்விடும். விளையாடும்போது இந்தச் சிப்பாய்களை யாரும் கண்ணருகே தூக்கிப் பார்ப்பதில்லை. மூன்றடி தள்ளி நின்று, அணியாகத்தான் பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் தெரிவதை நன்றாகத் தீட்டுங்கள், தெரியாததை விட்டுவிடுங்கள். கீழே வரும் எல்லா முடிவும் இதிலிருந்து வருவதுதான்.

எடுத்துக்காட்டுக்கு 1815 ஜூன் 18 அன்று நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரில் நின்ற பிரிட்டிஷ் காலாட்படையை எடுத்துக்கொள்வோம். அளவு 28 மி.மீ., பொருள் பிளாஸ்டிக். முதல் தடவைக்குப் பத்துப் பேர் போதும்.

1. வெட்டி, ஒட்டி, தயார் செய்தல்

உறுப்புகள் ஸ்ப்ரூ என்னும் சட்டத்தோடு ஒட்டியிருக்கும். அவற்றைக் கையால் பிய்க்காமல் நுனி கூரான கட்டரால் வெட்டுங்கள். அச்சு சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். கத்தியின் முதுகால் அதைச் சுரண்டி எடுங்கள். இதைச் சோம்பலில் விட்டால் பின்னால் பூசும் நிறம் அந்தக் கோட்டை எடுப்பாகக் காட்டிவிடும்.

பிளாஸ்டிக்கை ஒட்டப் பிளாஸ்டிக் சிமென்ட் வேண்டும். அது இரண்டு பக்கத்தையும் சற்றே உருக்கி ஒன்றாக்கிவிடுகிறது, அதனால் பிடிப்பு உறுதி. உலோகத்திலும் ரெசினிலும் அது வேலை செய்யாது, அவற்றுக்கு சூப்பர் க்ளூ. முதுகுப்பையை ஒட்டாமல் தனியாகத் தீட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். பத்துப் பேருக்கு அது வீண் வேலை. ஒட்டிவிட்டே தீட்டுங்கள். கடைசியில் ஒவ்வொருவரையும் ஒரு பாட்டில் மூடிமேல் தற்காலிகமாக ஒட்டி வைத்தால், பொம்மையைத் தொடாமல் பிடித்துத் திருப்பலாம்.

2. பிரைமர்

பிளாஸ்டிக்மேல் நேரடியாக அக்ரிலிக் பெயின்ட் நிற்காது, விரல் பட்டால் உரிந்து வரும். அதனால் முதலில் பிரைமர் என்னும் அடிப்பூச்சு. ஸ்ப்ரே டப்பாவை நன்றாகக் குலுக்கி, காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, விட்டு விட்டு அடியுங்கள். ஒரே மூச்சில் அடித்தால் நுணுக்கமெல்லாம் அடைபட்டுப் போகும். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் அடிக்காதீர்கள், பரப்பு சொரசொரப்பாகிவிடும்.

எந்த நிறப் பிரைமர்? இந்தப் படைக்குச் சாம்பல். கறுப்பின்மேல் சிவப்பு எளிதில் ஏறாது. எத்தனை பூச்சு பூசினாலும் மங்கலாகவே நிற்கும்.

3. அடிநிறம்: சிவப்பில்தான் கவனம் வேண்டும்

பத்துப் பேரையும் வரிசையாக நிறுத்தி, ஒரு நிறத்தை எல்லாருக்கும் பூசி முடித்த பிறகே அடுத்த நிறத்தை எடுங்கள். பத்தாவது ஆளுக்கு வரும்போது முதல் ஆள் காய்ந்திருப்பார். பெயின்டைத் தண்ணீர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கெட்டியாக ஒரு பூச்சு பூசுவதைவிட மெல்லியதாக இரண்டு பூச்சு எப்போதும் நல்லது. பிரஷ்ஷின் உலோகப் பிடிவரை பெயின்ட் ஏற விட்டால் நுனி விரிந்துவிடும், அந்த பிரஷ் அப்புறம் நுண்ணிய வேலைக்கு உதவாது.

சிப்பாய் அணிந்த கோட்டுக்கு முதலில் செம்பழுப்பு, அது காய்ந்ததும் சிவப்பு. இந்தச் சிவப்பைத் தேர்வு செய்வதில் எனக்குத் தனி ஆசை உண்டு. சாதாரணச் சிப்பாயின் கோட்டு மேடர் என்ற செடியின் வேரிலிருந்து எடுத்த மலிவான சாயத்தில் தோய்ந்தது. வெயிலிலும் மழையிலும் அது செங்கல் நிறத்துக்கு மங்கிவிடும். அதிகாரியின் கோட்டுக்குக் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த விலை உயர்ந்த சாயம், அது பளிச்சென்ற சிவப்பு. அதனால் ஒன்பது பேருக்குச் செங்கல் சாயலுள்ள சிவப்பு, அதிகாரிக்கு மட்டும் பளிச்சென்ற சிவப்பு, இடுப்பில் கருஞ்சிவப்புக் கச்சை. மூன்றடி தள்ளி நின்றாலும் அதிகாரி யார் என்று கண் தானே கண்டுபிடித்துவிடும். வரலாறும் சரியாக இருக்கும், விளையாட்டுக்கும் உதவும்.

மற்ற நிறங்கள் சுலபம். கால்சட்டைக்குச் சாம்பல். ஷாகோ என்னும் உயரமான தொப்பி, முதுகுப்பை, காலணி மூன்றுக்கும் கறுப்பு. துப்பாக்கிக் கட்டைக்குப் பழுப்பு, குழலுக்கும் அதன் முனையில் செருகும் கத்தியான பயனெட்டுக்கும் இரும்பு நிறம். தோளில் தொங்கும் துணிப்பைக்கு அழுக்கு வெள்ளை. மரத் தண்ணீர்க் குடுவைக்குச் சாம்பல் கலந்த நீலம். அந்தக் குடுவைகளுக்கு உண்மையிலேயே அப்படித்தான் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

கழுத்துப்பட்டியின் நிறமும் கைமடிப்பின் நிறமும் ரெஜிமென்டுக்கு ரெஜிமென்ட், அதாவது படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு, மாறும். 44-வது ரெஜிமென்டுக்கு மஞ்சள், 33-வதுக்குச் சிவப்பு, 'ராயல்' பட்டம் பெற்ற ரெஜிமென்டுகளுக்கு நீலம். முதல் படைக்கு மஞ்சளை எடுங்கள், சிவப்புக்குப் பக்கத்தில் எடுப்பாகத் தெரியும்.

4. வாஷ்

வாஷ் என்பது நீர்த்த கருநிற மை. பூசினால் மடிப்புகளிலும் பள்ளங்களிலும் தேங்கி நிழலைத் தானே உண்டாக்கும். முகம், கை, கோட்டு, கால்சட்டை, மரம் எல்லாவற்றிலும் பழுப்பு வாஷ் பூசுங்கள். எங்காவது குட்டையாகத் தேங்கினால் ஈர பிரஷ்ஷால் உறிஞ்சி எடுங்கள். பிறகு முழுதாகக் காயும்வரை கை வைக்கக் கூடாது. அரைகுறையாகக் காய்ந்ததைத் தொட்டால் கறை வட்டம் விழும்.

கண்ணுக்கு வெள்ளையும் கறுப்பும் வைக்க வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். வேண்டாம். தொப்பி விளிம்பின் நிழலில் கண்குழியில் தேங்கிய வாஷ் போதும். தவறாக வைத்த கண், நன்றாகத் தீட்டிய முகத்தையும் கெடுத்துவிடும்.

5. வெள்ளைப் பட்டைகள்

பல வழிகாட்டிகள் வெள்ளையை அடிநிறத்தோடு சேர்த்தே பூசச் சொல்கின்றன. அப்படிச் செய்தால் பழுப்பு வாஷ் அதை அழுக்காக்கிவிடும், திரும்பவும் பூச வேண்டிவரும். வாஷ் காய்ந்த பிறகு பூசுவதே என் வழக்கம்.

மார்பின் குறுக்கே போகும் இரண்டு பட்டைகளுக்கும் முதலில் வெளிர் சாம்பல். அதன்மேல், இரு ஓரத்திலும் சாம்பல் மயிரிழை அளவு தெரியும்படி விட்டு, நடுவில் வெள்ளை. சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே அந்தச் சாம்பல் கோடு இருப்பதால்தான் பட்டை தனித்துத் தெரிகிறது. இந்தப் படையை மூன்றடி தூரத்தில் அடையாளம் காட்டுவதே சிவப்பில் குறுக்கிட்ட அந்த வெள்ளை எக்ஸ்தான். நேரத்தையும் பொறுமையையும் தாராளமாக இங்கே செலவிடுங்கள். பொத்தானுக்கு ஒரு புள்ளி, அதுவும் மனம் இருந்தால்.

தொப்பிக் குஞ்சம் சின்னதுதான், ஆனால் சேதி சொல்லும்: ரெஜிமென்டின் சாதாரணக் குழுக்களான நடுக் கம்பெனிகளுக்கு மேலே வெள்ளை, கீழே சிவப்பு, திடகாத்திரமானவர்களைக் கொண்ட கிரெனடியர் கம்பெனிக்கு முழு வெள்ளை, முன்னால் சிதறி நின்று சுடும் லைட் கம்பெனிக்குப் பச்சை.

கடைசியாக, கோட்டின் தோள்பட்டையிலும் முழங்கை மடிப்பிலும் சற்று வெளிர்ந்த சிவப்பை ஓரிரு கீற்றுகள் இழுங்கள். கறுப்புத் தொப்பியின் விளிம்பில் அடர்சாம்பலை, பிரஷ்ஷைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, லேசாக உரசுங்கள். இதுதான் டிரை பிரஷ்.

6. பேஸ்

சுமாராகத் தீட்டிய பொம்மையும் நல்ல பேஸ்மேல், அதாவது அடித்தட்டின்மேல், நின்றால் அழகாகிவிடும். பொம்மையைப் பேஸில் ஒட்டி, சுற்றிலும் பி.வி.ஏ. பசை தடவி மணலில் அமுக்குங்கள். காய்ந்ததும் அடர்பழுப்பு பூசி, மேலே மணல் நிறத்தை டிரை பிரஷ் செய்யுங்கள். போருக்கு முந்திய நாளும் இரவும் வாட்டர்லூவில் கடும் மழை கொட்டித் தீர்த்தது. களம் சேறாகக் கிடந்தது. பல இடங்களில் உயரமான கம்புப்புல் பயிர், அதாவது ரை, நின்றிருந்தது. அதனால் பழுப்பை நன்றாக இருட்டாகவே வையுங்கள். செயற்கைப் புல்லை இங்கொன்றும் அங்கொன்றுமாக, கொஞ்சம் உயரமாக ஒட்டுங்கள். பேஸின் விளிம்புக்கு எல்லாருக்கும் ஒரே நிறம். பத்துப் பேரும் ஒரே அணியாகத் தெரிவதற்கு அது மிகவும் உதவுகிறது.

7. வார்னிஷ்

விளையாட்டில் கை படும், உரசும். பளபளப்பில்லாத மேட் வார்னிஷை மெல்லியதாக இரண்டு முறை அடியுங்கள், ஈரக்காற்று இல்லாத நாளில். ஈரம் இருந்தால் வெள்ளைப் படலம் படியும். மேட் வார்னிஷ் உலோகப் பளபளப்பையும் மங்கச் செய்யும், எனவே பயனெட்டில் கடைசியாக இன்னொரு கீற்று இரும்பு நிறம். மறுநாள்வரை காய விட்டு எடுத்து ஆடலாம்.

இந்தப் பத்துப் பேரைப் பெட்டியில் வைக்கும் முன், எந்த நிறத்துக்கு எந்த டப்பா, எந்த வரிசையில் பூசினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். சில மாதம் கழித்து அடுத்த பத்துப் பேரைத் தீட்டும்போது அதே செங்கல் சிவப்பு கிடைக்க அந்தத் தாள்தான் வழி.